பள்ளி நாடகத்தில் மகள் நடிக்கிறாள்: அம்மா எங்கே உட்காருவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், பரிசளிப்பு விழா நாடகத்தில் ஔவையாராக நடிக்கிறாள். வீட்டில் வசனத்தைத் தலைகீழாகச் சொல்கிறாள். முழு ஒத்திகைக்கு நீங்கள் போய் உட்கார்ந்ததும் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள், கண்ணும் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் "விழாவுக்கு நீ வராமல் இருப்பதே நல்லது" என்கிறார். மாமியார் "முதல் வரிசையில் உட்கார்ந்து வாயசைத்துக் காட்டு" என்கிறார். இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் இருக்கும் பாட்டிக்கு வீடியோவும் வேண்டும்.

போவதா வேண்டாமா என்பதற்குப் பதில் ஒரே சொல்: போங்கள். உண்மையில் நீங்கள் கேட்பது, அவள் கண் ஏன் மேடையை விட்டு உங்களிடம் வந்தது, அதை மேடைக்குள்ளேயே நிறுத்த என்ன செய்யலாம் என்பதைத்தான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குபவன் என்ற முறையில் சொல்கிறேன். எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்தும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் வருவது மேடையில் வராமல் போவதில் மர்மம் ஒன்றுமில்லை. பார்க்க ஆள் இருந்தால் நன்றாகப் பழகியது இன்னும் நன்றாக வரும், அரைகுறையாகப் பழகியது இன்னும் தடுமாறும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1965இல் எழுதினார். பிள்ளைகளை மேடையேற்றும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். "தலைகீழாகச் சொல்கிறாளே, அதுவா அரைகுறை?" என்று கேட்பீர்கள். ஒப்பிப்பது ஒன்று, பதில் பேசுவது இன்னொன்று. வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்கள் "ம்" என்று தலையாட்டத் தலையாட்ட அடுத்த வரியைச் சொல்லிப் பழகியிருப்பாள். அப்படிப் பழகினால் அடுத்த வரியைத் திறக்கும் சாவி உங்கள் தலையாட்டல்தான். ஒத்திகையில் உங்களைக் கண்டதும் கண் அந்தச் சாவியைத் தேடி வந்திருக்கிறது. இது ஊகம், ஆனால் சோதிப்பது எளிது. இன்றிரவு சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி வசனம் கேளுங்கள். இரண்டு மூன்று இடத்தில் தடுக்கினால் ஊகம் சரி. தடுக்காமல் சொன்னால் காரணம் கூட்டமாக இருக்கலாம், உங்கள் முகத்தில் தெரிந்த பதற்றமாகவும் இருக்கலாம். எதுவானாலும் கீழே சொல்லும் பயிற்சியால் கெடுதல் இல்லை.

வசனத்தாளை எடுத்து, அவளுடைய ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மற்றவர் பேசும் வரியின் கடைசி மூன்று சொற்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். முதல் மூன்று நாள் அந்தச் சொற்களை மட்டும் நீங்கள் சொல்ல, அவள் பதில் சொல்லட்டும். முகம் பார்க்கக் கூடாது. அவள் பின்னால் நில்லுங்கள், அல்லது அடுத்த அறையிலிருந்து குரல் கொடுங்கள். முதலிலிருந்து வரிசையாகப் போகாமல் நடுவிலிருந்து, கடைசியிலிருந்து, எங்கிருந்தாவது எடுங்கள். வரிசையாக மட்டுமே பழகிய பிள்ளை, நடுவில் விட்டால் முதல் வரிக்குத்தான் திரும்ப ஓடும். நான்காம் நாளிலிருந்து வேறு வேலை செய்துகொண்டே பேசட்டும்: துணி மடிக்கும்போது, பந்தைத் தூக்கிப் பிடிக்கும்போது. நாளுக்கு ஒருமுறை உணர்ச்சியே இல்லாமல் இரட்டை வேகத்தில் முழு நாடகத்தையும் ஓட்டுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, நாவுக்கோ நல்ல வேலை. இரண்டாம் வாரம் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். ஒரு முறைக்கு 10 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை, அதற்கு மேல் வேண்டாம். விழாவுக்கு முந்தின இரவு ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு நேரத்தோடு தூங்கவையுங்கள்.

இன்னொன்றும் கட்டாயம் பழக்குங்கள்: தப்பிக்கும் வரி. பாதி வரியை விழுங்கியோ தப்பாகவோ வேண்டுமென்றே எடுத்துக்கொடுங்கள், அவள் சமாளிக்கட்டும். உங்கள் மகளுக்கு வாய்த்திருப்பது இந்த விஷயத்தில் அதிர்ஷ்டமான வேடம். ஔவைக்கு வயதாகிவிட்டது. மறந்துபோனால் காதருகே கையை வைத்து, "வயதாகிவிட்டதப்பா, காது சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்" என்று கேட்கலாம். முருகனாக நடிக்கும் பையன் தன் வரியைத் திரும்பச் சொல்வான், இவளுக்கு அடுத்தது வந்துவிடும். கூட்டத்துக்கு அதுவும் நாடகமாகத்தான் தெரியும். இதை ஆசிரியரிடமும் அந்தப் பையனிடமும் முன்கூட்டியே சொல்லி, ஒத்திகையில் ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும். சொல்லாமல் செய்தால் முருகன் விழிப்பான்.

மேடையில் அவள் நிற்கும் இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். நாவல் மரத்தை மேடையின் பின்பக்கம் நிறுத்தியிருந்தால், மேலே பார்த்துப் பேசும்போது அவள் முதுகு கூட்டத்துக்கு வரும், குரலும் திரைக்குள் போய்விடும். மரம் ஓரமாக, மேடையின் முன்பாதியில் இருந்தால் நல்லது. ஆசிரியரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அட்டை மரத்தை நகர்த்துவது பெரிய வேலை இல்லை. கூன் போடுவதிலும் தவறு நடக்கும். பிள்ளைகள் இடுப்பில் மடங்கிவிடுவார்கள், வயிறு அமுங்கி மூச்சு குறையும், குரல் தரையைப் பார்க்கும். முழங்காலை லேசாக மடக்கி, தோளை மட்டும் முன்னால் தள்ளினால் போதும். மோவாய் மேலே இருக்கட்டும். மைக் நின்ற இடத்தில் நிற்பதாக இருந்தால், கூன் போட்ட பிறகு அவள் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப இறக்க வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. ஊன்றுகோலின் அடியில் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பரை மாட்டுங்கள், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் மரப்பலகை மேடையில் ஒவ்வொரு தட்டும் மைக்கில் இடி மாதிரி கேட்கும். நாவல் பழத்துக்குப் பதிலாகக் கறுப்புத் திராட்சையை உதிர்ப்பது சிலரின் வழக்கம். அது உருண்டோடி, மிதிபட்டு, அடுத்து ஆட வரும் பிள்ளைகளை வழுக்கிவிடும். கறுப்புத் துணியை உருட்டித் தைத்தால் போதும், கூட்டத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

"பழம் சுடுகிறதா பாட்டி?" என்ற இடத்தில் கூட்டம் சிரிக்கும். வீட்டில் யாரும் சிரிக்காததால் பிள்ளைகளுக்கு இது அதிர்ச்சி. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துச் சுருங்குவார்கள், அல்லது சிரிப்புக்கு நடுவிலேயே அடுத்த வரியைச் சொல்லிவிடுவார்கள், அது யாருக்கும் கேட்காது. பயிற்சியில் அந்த இடம் வந்ததும் வீட்டில் எல்லாரும் சத்தம் போட்டுச் சிரியுங்கள். சிரிப்பு ஓயத் தொடங்கும்வரை பழத்தை ஊதிக்கொண்டே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். ஊதுவது ஒரு வேலை. கைக்கும் வாய்க்கும் வேலை இருந்தால் பிள்ளை கூட்டத்தைத் தேடாது.

இனி உட்காரும் இடம். இது மண்டபத்தைப் பொறுத்தது. பள்ளி மண்டபத்தில் காலை நேரத்தில் நடந்தால் சன்னல் திறந்திருக்கும், குழல் விளக்கு எரியும், மேடையிலிருந்து கடைசி வரிசை முகம்கூடத் தெரியும். வாடகை அரங்கில் இரவு நேரத்தில், கூடத்து விளக்கை அணைத்து மேடைக்கு மட்டும் வெளிச்சம் போட்டால், நடிப்பவர் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும். முன்வரிசைகள் மட்டும் நிழலாகத் தெரியும், அதற்குப் பின்னால் வெறும் இருட்டு. அங்கே நடுவரிசைக்குப் பின்னால் எங்கும் உட்காரலாம். வெளிச்சமான மண்டபம் என்றால், மூன்றில் இரண்டு பங்கு பின்னால் தள்ளி, மரத்துக்கு எதிர்ப்பக்கமாக உட்காருங்கள். நீங்கள் பார்க்கும்போது மரம் வலப்பக்கம் இருந்தால் உங்கள் இருக்கை இடப்பக்கம். அவள் முருகனைப் பார்த்துப் பேசும்போது நீங்கள் அவள் கண்ணில் படமாட்டீர்கள். அவள் முகம் உங்களுக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். முகத்தை வலப்பக்கத்திலிருந்து உங்கள் வீட்டுக்காரர் படமெடுக்கட்டும்.

ஒளிந்து போய் உட்காராதீர்கள். அம்மா வந்திருக்கிறாளா இல்லையா என்று தெரியாத பிள்ளை நாடகம் முழுக்கத் தேடும், தெரிந்த பிள்ளை தேடாது. அன்று காலையில் சொல்லிவிடுங்கள்: "அம்மா இடப்பக்கம் பின்னால் இருப்பேன். நடிக்கும்போது தேடாதே. முடிந்து வணக்கம் சொல்லும்போது பார், கை காட்டுவேன்." அப்படியும் நடுவில் உங்களைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரே ஒரு முறை மெதுவாகத் தலையசைத்துவிட்டு, உங்கள் பார்வையை மரத்தில் இருக்கும் பையனிடம் திருப்புங்கள். நீங்கள் பார்க்கும் திசையை அவள் கண்ணும் தொடரும். கையாட்டுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கட்டைவிரல் காட்டுவது எல்லாம் அவளை மேடையிலிருந்து இறக்கிவிடும். அழுதுவிட்டால் ஓடிப்போகாதீர்கள். பக்கத்திரையில் நிற்கும் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். நீங்கள் எழுந்து நடந்தால் முந்நூறு தலையும் உங்கள் பக்கம் திரும்பும், அவள் அழுகை அதோடு கூடும்.

மாமியார் சொன்ன வாயசைப்புக்கு வருகிறேன். மேடையிலிருந்து கீழே உட்கார்ந்திருப்பவர் உதட்டைப் படிப்பது பெரியவர்களுக்கே கடினம். அவள் உங்கள் உதட்டைப் பார்த்தால் கூட்டமும் திரும்பி உங்களைத்தான் பார்க்கும். பக்கத்திரையில் ஓர் ஆசிரியர் அடியெடுத்துக் கொடுக்க நின்றிருப்பார். பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வரி வந்தால் இரண்டும் காதில் ஏறாது. அடியெடுத்துக் கொடுப்பதற்கும் முறை இருக்கிறது. மனத்துக்குள் மூன்று எண்ணும்வரை காத்திருந்து, முதல் இரண்டு சொல்லை மட்டும் கொடுக்க வேண்டும். மூன்று விநாடி மௌனம் உங்களுக்கு அரைமணி நேரமாகத் தெரியும், கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். மாமியாரின் அக்கறையை வீணாக்க வேண்டாம். வீட்டுப் பயிற்சியில் முருகன் வேடத்தை அவருக்குக் கொடுங்கள், கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பழம் உதிர்க்கட்டும். எடுத்துக்கொடுக்கும் குரல் மாறுவது பிள்ளைக்கும் நல்லது.

விழா நாளில் நாடகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காத்திருப்புதான். தேசிய கீதம், தமிழ் வாழ்த்து, பள்ளிப் பாடல், வரவேற்புரை, தலைமையாசிரியர் உரை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, மாலை, நினைவுப் பரிசு. நிகழ்ச்சி நிரலில் 10 மணி என்று போட்டிருந்தால் 11க்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். (சிறப்பு விருந்தினர் பேசிவிட்டு நாடகத்துக்கு முன் கிளம்பிவிடுவது தனிக் கதை.) காலையில் இட்லியோ ரொட்டியோ அளவாகக் கொடுங்கள், சம்பலோடு வயிறு முட்ட நாசி லெமாக் அன்றைக்கு வேண்டாம். ஆசிரியரிடம் இரண்டு பிஸ்கட், வெதுவெதுப்பான தண்ணீர், ஓர் உறிஞ்சுகுழல் கொடுத்துவையுங்கள், குடித்தால் ஒப்பனை கலையாது. சேலை கட்டுவதற்கு முன் கழிப்பறைக்குக் கட்டாயம் போய்வர வேண்டும். சேலை பழைய பருத்திச் சேலையை வெட்டித் தைத்ததாக, இடுப்பில் ஒட்டுப்பட்டி வைத்ததாக இருக்கட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாலியெஸ்டர் ஒரு மணி நேரத்தில் பிள்ளையை வாட்டிவிடும். கூன் போட்டால் முன்பக்கம் தாழும், அதனால் கூன் போடவைத்து அளந்து, கரையைத் தரையிலிருந்து நான்கு விரல் உயர்த்துங்கள். வெள்ளை முடி அரிக்கும், அடியில் மெல்லிய பருத்தித் துணி கட்டுங்கள். திருநீற்றை உலர்வாகப் பூசினால் வியர்வையோடு கண்ணில் இறங்கும், குழைத்துப் பூசுங்கள். முகச்சாயம் எதுவானாலும் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பாருங்கள், சிவந்தால் வேண்டாம்.

வீடியோவை நீங்கள் எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இருட்டான கூடத்தில் கைப்பேசித் திரையின் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுந்தால், மேடையிலிருந்து தெளிவாகத் தெரியும் முகம் அது ஒன்றுதான். அவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்த இருக்கை வீணாகிவிடும். அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்துக்கொண்டே போனவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிட நினைவு குறைவாக இருந்தது என்று லிண்டா ஹென்கெல் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அது அருங்காட்சியகம், இது பிள்ளையின் நாடகம், அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் திரை வழியாகப் பார்ப்பவர் பிள்ளையின் காலையும் கையையும் கவனிப்பதில்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், முக்காலியில், படுக்கைவசத்தில் வைக்கட்டும், நடைவழியில் நிற்க வேண்டாம். இருண்ட கூடத்தில் மேடைக்கு மட்டும் வெளிச்சம் இருந்தால் கேமரா முகத்தை வெள்ளையாக வெளிற வைக்கும். திரையில் அவள் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, கொஞ்சம் குறைக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கின்கீழ் விநாடிக்கு 30 பிரேமில் எடுத்தால் படத்தில் கோடு ஓடலாம், 25 பிரேம் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். ஐஃபோனில் PAL என்ற வீடியோ வடிவத்தைக் காட்டும்படி அமைப்பில் மாற்றினால் அது வரும். 1080பி தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 130 எம்பி பிடிக்கும். 12 நிமிட நாடகத்துக்கு 2 ஜிபி காலியாக இருந்தால் போதும். பளிச்சிடும் விளக்கு அணைந்திருக்கட்டும். பாட்டிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் இறங்கும், கோப்பாக அனுப்புங்கள். மற்ற பிள்ளைகளும் படத்தில் இருப்பார்கள், முகநூலில் போடுவதாக இருந்தால் பள்ளியைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மேடையேறும் முன் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். நெஞ்சு படபடப்பதும் கை குளிர்வதும் வாய் உலர்வதும் உடம்பு தயாராகும் வேலை, சொல்லி நிறுத்த முடியாது. படபடப்பை "ஆவலாக இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டவர்கள் பாட்டிலும் பேச்சிலும் நன்றாகச் செய்தார்கள் என்று ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டினார். அவர் சோதித்தது பெரியவர்களை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும் என்று உறுதி கொடுக்கமாட்டேன், ஆனால் சொல்லிப் பார்ப்பதில் செலவில்லை. அதைவிட நிச்சயமாகப் பயன்படுவது ஒரு வேலை கொடுப்பது: "மேடைக்குப் போனதும் முருகன் எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்துவைத்து எனக்கு வந்து சொல்."

முடிந்த பிறகு தண்ணீர், சாப்பாடு, கூட நடித்த பிள்ளைகளோடு ஒரு படம். முதல் பேச்சு அவளுடையதாக இருக்கட்டும். "நன்றாக நடித்தாய்" என்பதைவிட "பழத்தை ஊதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாயே, அது எனக்குப் பிடித்தது" என்றால் நீங்கள் உண்மையிலேயே பார்த்தீர்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவாவது முழு நாடகத்தையும் பாருங்கள், முருகனுக்கும் கைத்தட்டுங்கள். எங்கே விட்டாள் என்பதை அன்று எடுக்க வேண்டாம். அவளே கேட்டால் மட்டும், ஒரு நாள் கழித்து. வீடியோவை அவள் முன்னால் உறவினருக்குப் போட்டுக்காட்டுவதும் அவள் சம்மதித்தால்தான்.

இவ்வளவும் மேடையில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்குச் சொன்னது. ஒத்திகையில் ஒருமுறை அழுதது சாதாரணம். வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை பள்ளியில் ஆசிரியரிடமும் தோழிகளிடமும்கூட ஒரு மாதத்துக்கு மேல் பேசாமலே இருந்தால் அது வேறு விஷயம்; பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இதில் கணக்கிடுவதில்லை. நாடகப் பயிற்சியால் அதைச் சரிசெய்ய முடியாது, என் போன்றவர்கள் கைவைக்கவும் கூடாது. வகுப்பாசிரியரிடம் வகுப்பில் எப்படிப் பேசுகிறாள் என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் கவலை தருவதாக இருந்தால், அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்துப் பேச்சுச் சிகிச்சையாளருக்கோ குழந்தை மனநல மருத்துவருக்கோ கடிதம் வாங்குங்கள். இந்த நாடகத்தில் அவளுக்கு வசனமில்லாத வேடம் கிடைக்குமா என்றும் ஆசிரியரைக் கேட்கலாம். மரத்தடியில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் கதைக்கும் பொருந்தும்.